இசைத்தட்டு அண்ணாச்சிகளே, அந்த பீரோவைக் கொஞ்சம் திறங்க!

பழைய கிராமபோன் தட்டு சேர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "நாங்க இல்லேன்னா இதெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்." பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இப்போது ஃபேஷனாகிவிட்ட வினைல் எல்பி வேறு, இது வேறு. அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்திச் செய்த தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாட்டு. கை தவறி மொசைக் தரையில் விழுந்தால் வினைல் பிழைத்துக்கொள்ளும். இது அப்பளம்.

அந்த அப்பளத்தில்தான் சில குரல்கள் மிச்சம் இருக்கின்றன. எஸ்.ஜி.கிட்டப்பா 1933ல் இறந்தபோது வயது 27. அவர் எப்படிப் பாடினார் என்று நமக்குத் தெரிவது இசைத்தட்டால்தான். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பிரதியே இல்லாமல் போய்விட்டது. தட்டுக்கும் அதே கதி வர ரொம்ப நேரம் ஆகாது.

மூர் மார்க்கெட் 1985ல் எரிந்து, கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அந்த மாதிரிக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் தூசியில் முழங்கால் போட்டுத் தேடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தேடி எடுத்த பிறகு என்ன செய்கிறார்கள்? ஒரு பெரியவரிடம் பழைய நாடக செட் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு பக்கம் போடுங்களேன் என்றதற்கு "தேஞ்சிடும் தம்பி" என்றார். சரி, ஒரே ஒரு தடவை போட்டுப் பதிவு செய்துவிடலாமே என்றேன். "எல்லாருக்கும் கிடைச்சிட்டா அப்புறம் எனக்கு என்ன மரியாதை?"

இதுதான் நிஜமான காரணம். மற்றதெல்லாம் சாக்கு. சாக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

"தேய்மானம்." பி.காம் படிக்கிறவனிடமே இதைச் சொல்லலாமா? :-) கனமான சவுண்ட்பாக்ஸில் இரும்பு ஊசி போட்டு ஓட்டினால் தேயும்தான். 78 தட்டுக்கென்றே விற்கும் 3 மில் ஊசியை, எடை குறைந்த நவீன டர்ன்டேபிளில் மாட்டி ஒரு தடவை ஓட்டினால் தேய்வு பெயருக்குத்தான். ஒரு தடவை போதும். அப்புறம் தட்டுக்கு நிரந்தர ஓய்வு.

"காப்பிரைட் பிரச்சினை வரும்." இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1935ல் வந்த தட்டுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனிக்கணக்கு, அவர் மறைந்து 60 வருஷம். ஆனால் தியாகராஜர் மறைந்தது 1847ல். அவர் கீர்த்தனையைப் பூட்டி வைக்க என்ன காரணம்?

"காசு போட்டு வாங்கினது." உங்கள் தட்டு உங்களுடையதே, யாரும் பிடுங்கவில்லை. நகல் எடுத்தால் அசலின் விலை குறையாது. யாருக்கும் தெரியாத பாட்டை விட, நாலு பேர் கேட்டு ரசித்த பாட்டின் தட்டுக்குத்தான் கிராக்கி அதிகம். இது டிமாண்ட் தியரியின் முதல் பாடம்.

முடியாத காரியமும் இல்லை. மும்பையில் இருக்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் சேர்ந்து யங் இந்தியா, ஓடியன் கம்பெனித் தட்டுகளை மின்வடிவாக்கியது. அவர்களும் சேகரிப்பாளர்கள்தானே?

செய்யும்போது சில விஷயங்களைக் கவனித்தால் போதும். ஸ்பிரிட்டில் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, மெத்தென்ற பிரஷ், லேபிளில் ஈரம் படாமல். வேகத்தைச் சரி பாருங்கள். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் கறாராக 78ல் பதிந்தவை அல்ல. 78ல் பதிந்ததை 74ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கிவிடும். முக்கியமாக, இரைச்சல் நீக்குகிறேன் என்று சாஃப்ட்வேரில் போட்டு அரைக்காதீர்கள். கொரகொரப்போடு தம்பூராவும் போய், பாடகர் தண்ணிக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிடும். கை வைக்காத மூலக் கோப்பு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இதுவும் முடியாதென்றால், உங்களிடம் இருப்பதன் பட்டியலையாவது வெளியிடுங்கள். லேபிள், தட்டு எண், பாடியவர், அவ்வளவுதான். எட்டுத் தட்டு நாடக செட்டில் ஆறு ஒருத்தர் வீட்டிலும் இரண்டு இன்னொருத்தர் வீட்டிலும் கிடந்தால், இருவருக்குமே அது தெரியாது. பட்டியல் போட ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

பீரோவுக்குள் இருக்கும்வரை அது பாட்டு இல்லை, வெறும் அரக்கு. ஒரு வீடு மாற்றும்போது மூட்டை ஒன்று கை நழுவினால் முடிந்தது கதை.

டிஸ்கி: தட்டில் கடிகார முள் வைத்து "விண்டேஜ் டெகர்" என்று விற்கும் கோஷ்டிக்குத் தனிப் பதிவு இருக்கிறது. அதில் இவ்வளவு மரியாதை இருக்காது.