பாட்டி ஊர் செல்லாதா?

உலக பேஸ்பால் கிளாசிக்கில் வேறு நாட்டில் பிறந்தவர்களைச் சேர்ப்பது கூலிப்படை கட்டுவதாம். 2023 ஜப்பான் அணியைப் பார்த்த பிறகுமா இப்படி? லார்ஸ் நூட்பார் கலிஃபோர்னியாவில் பிறந்தவர்; தாய் ஜப்பானியர். தாய்வழி உறவு செல்லாது என்று சொல்ல நாம் யார்? மிளகு அரைப்பதுபோல் அவர் கையைத் திருக, டோக்கியோ ரசிகர்களும் கூடவே திருகினார்கள். இறுதியில் அமெரிக்காவை 3-2 என வீழ்த்திய அணியில் அவரும் உண்டு.

உள்ளூர்க்காரர் வாய்ப்பு பறிபோகிறதாம். அதே தொடரில் செக் அணியில் அமெரிக்காவில் பிறந்த எரிக் சோகார்ட் ஆடினார். அதே அணியில் ஜப்பான் நட்சத்திரம் ஒட்டானியை ஸ்ட்ரைக் அவுட் செய்த ஒந்த்ரே சடோரியாவோ உள்ளூர் எலெக்ட்ரீஷியன்! வாய்ப்பைப் பறிப்பது வேறு: அந்தத் தொடரில் பந்துவீச்சாளர் கெர்ஷாவை அமெரிக்க அணியிலிருந்து விலக வைத்தது காப்பீட்டுச் சிக்கல். கோபத்தை அங்கே காட்டுங்கள்.