நாணயம் தேடியவரின் நாணயம்!



புதையல் என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்குக் குஷி வந்துவிடும், இல்லையா? கதைகளில் புதையலுக்குப் பூதம் காவல் இருக்கும். மந்திரம் தெரிந்தவன் வந்து அதை எடுப்பான். நிஜ வாழ்க்கையிலும் புதையல் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது மந்திரக்கோல் அல்ல. மெட்டல் டிடெக்டர் என்ற கருவி. ரயில் நிலையத்தில் காவலர்கள் நம்மைச் சோதிக்க வைத்திருப்பார்களே, அதே வகைதான். நீண்ட கைப்பிடியும், அதன் அடியில் வட்டமான தட்டும் இருக்கும்.

அந்தத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும. மண்ணுக்குள் காசு ஒன்று கிடந்தால், அந்தப் புலம் காசுக்குள் சிறிய மின்னோட்டத்தை ஏற்படுத்தும். அதனால் காசைச் சுற்றியும் ஒரு குட்டிக் காந்தப்புலம் உண்டாகும். கருவி அதை உணர்ந்து 'பீப்' என்று கத்தும். சாதாரணக் கருவிகள் ஒரு சாண் ஆழம் வரை இருக்கும் காசைக் கண்டுபிடித்துவிடும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. முன்பு வீடு இருந்து, இப்போது வெறும் நிலமாகிவிட்ட இடங்களைத்தான் அவர்கள் அதிகம் விரும்புவார்கள். மனிதர்கள் வாழ்ந்த இடத்தில்தானே காசு தவறி விழுந்திருக்கும்? வாசல்படி இருந்த இடம், கிணற்றடி, பெரிய மரத்தின் நிழல் என்று பார்த்துப் பார்த்துத் தேடுவார்கள். பெரும்பாலும் கிடைப்பது துருப்பிடித்த ஆணியும் பாட்டில் மூடியும்தான்!

ஆனால், 1992-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று எரிக் லாஸ் என்பவருக்குக் கிடைத்தது ஆணி அல்ல. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்சன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே விவசாயி ஒருவர் தன் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருவதற்காகத்தான் லாஸ் தன் கருவியுடன் போனார். அவர் தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர். கருவி சத்தமிட்ட இடத்தில் தோண்டினால், வெள்ளிக் கரண்டிகள், நகைகள், தங்கக் காசுகள், வெள்ளிக் காசுகள் என்று வந்துகொண்டே இருந்தன!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'எல்லாவற்றையும் அள்ளியிருப்பேன்' என்று மனசு சொல்கிறதா? லாஸ் கொஞ்சம் எடுத்தார். பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டார். காவல் துறைக்கும், நில உரிமையாளரான உள்ளூர் நிர்வாகத்துக்கும் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் அறிஞர்கள் வந்தார்கள். மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

கிடைத்தவை கிட்டத்தட்ட 15,000 ரோமானிய நாணயங்கள்! சுமார் 200 தங்க நகைகளும் வெள்ளிச் சாமான்களும் இருந்தன. அவசரப்பட்டு அள்ளாததால் இன்னும் பல விஷயங்கள் தெரிந்தன. மரப்பெட்டி மக்கிப் போயிருந்தாலும் அதன் கீல்களும் பூட்டுகளும் மண்ணில் அப்படியே இருந்தன. எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எதை வைத்து அடுக்கினார்கள் என்பதைக்கூடக் கண்டுபிடித்தார்கள். வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கடைசிக் காசுகளைப் பார்த்து, கி.பி. 407-க்குப் பிறகுதான் இதைப் புதைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனில் ரோமானியர் ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு வளையலில் 'ஜூலியானே' என்ற பெண்ணின் பெயரும் இருந்தது. பயந்துபோன ஒரு குடும்பம், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்திருக்கலாம். ஆனால், யாரும் திரும்பி வரவில்லை.

நமக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? அதில் வெள்ளியால் செய்த நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று, ஒரு சீமாட்டியின் உருவத்தில் இருந்தது. அதன் அடியில் உள்ள தட்டைத் திருப்பினால் மிளகுத்தூள் கொட்டும். அந்தக் காலத்தில் ரோமானியர்களுக்கு மிளகு போனது தென்னிந்தியாவின் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். நம் ரசத்தில் மிதக்கும் அதே மிளகு!

அந்தப் புதையலின் மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டு, லாஸுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். பங்கு கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அவராகவே கொடுத்தார். புதையல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் அங்கேதான் இருக்கிறது!

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. 2015-இல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயர் பகுதியில் இரண்டு பேருக்கு ஒரு புதையல் கிடைத்தது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டது அது. அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை, ரகசியமாக விற்றார்கள். பிறகு பிடிபட்டு, 2019-இல் சிறைக்குப் போனார்கள். ஏறக்குறைய 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள்; அப்போது மீட்க முடிந்தது சுமார் 30 மட்டுமே. அந்தக் கொஞ்சமே, ஆல்ஃபிரட், கியோல்வுல்ஃப் என்ற இரு மன்னர்கள் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டியது. பழைய நூல்கள் கியோல்வுல்ஃபை ஒன்றுக்கும் உதவாதவராக எழுதிவைத்திருந்தன. மற்ற காசுகளும் கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவு தெரிந்திருக்கும்!

குட்டீஸ், காசைக் கடையில் விற்றால் பணம் வரும். ஆனால், அது எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் ஒரு முறை போனால் போனதுதான். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால், கண்டெடுத்தவருக்கு வர வேண்டிய பங்கும் போய்விடும், தண்டனையும் உண்டு.

அதனால், பழைய வீட்டை இடிக்கும்போதோ, தோட்டத்தில் குழி வெட்டும்போதோ பழங்காசு கண்ணில் பட்டால், மேலே தோண்டாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அதிலுள்ள எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடத்துக்கு அடையாளம் வையுங்கள். உடனே அப்பா அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர்கள் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் மூலம் ஆட்சியருக்குத் தெரிவிப்பார்கள். புதையல் தேடுகிறேன் என்று பாழடைந்த வீட்டுக்குள் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். பாம்பும் இருக்கும், பாழுங்கிணறும் இருக்கும்!

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று காசு, இன்னொன்று நேர்மை. எரிக் லாஸிடம் இரண்டும் இருந்தன. உங்களுக்குக் காசு கிடைக்கிறதோ இல்லையோ, மற்றது எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!

அன்புடன்,
ஆசிரியர்