பழைய கிணறுகளைத் தூர் வாருவோம்

கெரார் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்த ஈசாக்கு முதலில் செய்த வேலை எது? தம் தந்தை ஆபிரகாமின் நாள்களில் வெட்டப்பட்டு, பின்னர்ப் பெலிஸ்தியரால் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்ட கிணறுகளை அவர் மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றிற்கு இட்டார். புதுக் கிணறுகள் அதன் பிறகே வருகின்றன (தொடக்கநூல் 26). நம் மேய்ப்புப்பணியின் இன்றைய போக்கு இதற்கு நேர்மாறானது. நம் கிணறுகளைத் தூர்க்கப் பெலிஸ்தியர் எவரும் வரவேண்டியதில்லை. புதிதாகத் தோண்டும் மண்ணைப் பழைய கிணற்றில் கொட்டி நாமே தூர்த்து வருகிறோம்.

ஆண்டுதோறும் ஒரு திட்டம் பிறக்கிறது. அதற்கு ஒரு விருதுவாக்கு, ஓர் இலச்சினை, ஒரு செப அட்டை, தொடக்க விழா, கருத்தரங்கு, இறுதியில் ஓர் அறிக்கை. அந்த அறிக்கையின் மை உலருமுன் அடுத்த திட்டத்திற்கான சுற்றறிக்கை கோவில் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடுகிறது. முந்தைய திட்டம் வேர்விட்டதா, பட்டுப்போனதா என்று கேட்பார் இல்லை.

பிறரைச் சாடி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டுசெல்வது நம் பங்கின் நெடுநாள் வழக்கம். பயிற்சி முகாம்களை முன்னிட்டு அடுத்தடுத்து இருமுறை அதனைத் தள்ளிவைத்தோம். அந்த இடைவெளியில் ஒரு மூதாட்டியை அடக்கம் செய்ய நேர்ந்தது. அவருடைய மகள் நம்மைக் குறைகூறவில்லை. “வெள்ளிக்கிழமை விடிஞ்சா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, சாமி” என்று மட்டும் சொன்னார். நாம் போயிருந்த முகாமின் பொருள், மேய்ப்புப்பணியில் புதிய அணுகுமுறைகள்!

நம் மண்ணில் விசுவாசம் எவ்வாறு வேரூன்றியது என்பதை எண்ணிப் பார்ப்போம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரின் கையில் இருந்தவை மிகச் சில. தமிழறிந்தோர் துணையுடன் மொழிபெயர்த்த விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள். அவற்றைப் பிள்ளைகளைக் கூட்டித் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பொறுமை. தாம் அடுத்த ஊருக்குச் சென்றபின் அதே பணியைத் தொடர ஊருக்கு ஓர் உபதேசியார். அந்த உபதேசியார்களுக்கு ஊதியம் அளிக்க, போர்ச்சுகல் அரசியாரின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தை அவர் கேட்டுப் பெற்றார். அவருக்குப்பின் வந்த அன்றிக் அடிகளார் 1600-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கரையிலேயே உழைத்தார். தொடங்கியவர் ஒருவர், தொடர்ந்தவர் ஒருவர், பணி ஒன்றே.

“அப்படியானால் நீங்கள் புதுமைக்குப் பகைவரா? இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை மறந்துவிட்டீரா?” என்று நம்மைக் கேட்போர் உண்டு. மறக்கவில்லை. 1963-இல் அச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, திருச்சபையின் உண்மையான, உறுதியான நலன் கோரினாலன்றிப் புதுமைகளைப் புகுத்தலாகாது என்றும், புதிய வடிவங்கள் இருப்பவற்றிலிருந்தே இயல்பாக வளரவேண்டும் என்றும் பணிக்கிறது. அன்றிக் அடிகளாரும் புதுமையை வெறுத்தவர் அல்லர். இந்திய எழுத்துகளில் அன்று எவரும் கண்டிராத அச்சுக்கலையைக் கொண்டு, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழில் வெளியிட்டவர் அவரே. ஆயினும் அந்தப் புத்தம்புதிய எந்திரத்தில் அவர் அச்சிட்டது எதனை? உபதேசியார்கள் ஊர்தோறும் வாய்மொழியாய்க் கற்பித்துவந்த அதே மறைக்கல்வியைத்தான். புதியது பழைய பணிக்கு ஊழியம் செய்தது. இன்றோ பழைய பணி புதியதற்குப் பலியிடப்படுகிறது.

அந்த உபதேசியார் இன்று எங்கே? பல பங்குகளில் அவர் கோவிலைப் பெருக்கி, மணியடித்து, சாவி காப்பவராகச் சுருங்கிவிட்டார். அவருக்கு ஊதியம் உயர்த்தப் பணமில்லை என்கிறோம். விளம்பரப் பதாகைகளுக்கு மட்டும் பணம் கிடைத்துவிடுகிறது. ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியைக்கு ஒரு கரும்பலகை வாங்கித்தர மனமில்லாத நாம், மறைக்கல்வியின் எதிர்காலம் குறித்து மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். வாரந்தோறும் கூடிச் செபித்த அன்பியங்கள், மேலிடத்திலிருந்து யாரேனும் பார்வையிட வரும் நாளில் மட்டும் கூடுகின்றன.

எனவே நம் குருக்கள் மன்றங்களின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு, புதிய திட்டம் எதுவும் வேண்டாம். வீடு சந்திப்பு, நோயாளிகளுக்கு நற்கருணை, ஞாயிறு மறைக்கல்வி, உபதேசியாருக்கு நேரிய ஊதியம் ஆகிய நான்கையும் எல்லாப் பங்குகளிலும் குறைவறச் செய்வோம். அதன் பின்னர் எவரேனும் புதுத்திட்டம் கொணர்ந்தால், “இதற்காக எந்தப் பணியைக் கைவிடச் சொல்கிறீர்?” என்று முதலில் கேட்போம். பதில் இல்லையேல் திட்டமும் வேண்டாம்.

புதுப்புதுச் செய்திகளைப் பேசுவதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்த ஏதென்சு நகரத்தாரைத் திருத்தூதர் பணிகள் நூல் நமக்குக் காட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடலாகாது. கிணற்றடியில் மக்கள் குடத்தோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தண்ணீர். அது ஊறும் இடம் நமக்குத் தெரியும், மண்வெட்டியை எடுப்போம்.