ஏற்காட்டில் வாங்கிய செடி, கீழே வந்ததும் வாடுவது ஏன்?

ஏற்காடு போனால் காப்பித்தூள், மிளகு, கூடவே ஒரு செடி. இதில் ஒன்றாவது இல்லாமல் மலை இறங்குபவர்கள் குறைவு. ஏரிப் பக்கம் கண்ணைப் பறித்த அந்தச் செடி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் வரும்வரை நன்றாகத்தான் இருக்கும். சேலத்து வீட்டில் இரண்டு வாரம் போனதும் இலை தொங்கிவிடும். 'நமக்குச் செடி ராசி இல்லப்பா' என்று முடித்துவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 6 டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல் வறண்ட காற்று. காற்று காய்ந்திருந்தால் இலைத் துளைகள் வழியாக நீர் வேகமாக வெளியேறும். வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இலை நுனி பழுப்பாகிக் காய்வது இப்படித்தான். ஏசி அறையில் இது இன்னும் மோசம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? ஹைட்ரேஞ்சியா, ஃபூசியா போன்றவை குளிர்ந்த இரவு கேட்பவை. அவற்றை மேலேயே ரசித்துவிட்டு வருவது நல்லது. மணி பிளான்ட், சின்கோனியம், பிலோடெண்ட்ரான், அக்லோனிமா எல்லாம் வெப்பமண்டலச் செடிகள். கீழேயும் தாராளமாக வளரும், சூழல் சரியாக இருந்தால்.

அந்தச் சூழல் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலேயே பார்க்கலாம். சில்வர் ஓக் மரம், அதைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. இங்கே காப்பியே வெளியிலிருந்து வந்ததுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் கொண்டுவந்தார். மரநிழல் அதைக் காப்பாற்றியது. மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் உள்ள மோரியா தீவு. அதுவும் மரத்தில் ஏறி, கிளைகளுக்கு இடையே சலித்து வரும் வெளிச்சத்தில் வாழும் கொடி. ஆகவே, கிழக்குப் பார்த்த ஜன்னல் பொருத்தம். மேற்கு ஜன்னலின் மூன்று மணி வெயில் இலையைச் சுட்டுவிடும். இருட்டு மூலையில் டிவிக்குப் பின்னால் வைப்பதும் தப்பு.

இனி, பெரும்பாலான செடிகள் சாகும் இடத்துக்கு வருவோம்: தண்ணீர். இலை தொங்கினால் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். ஆனால், வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நிற்கும் செடி, தாகத்தில் நிற்பதுபோலவே வாடும். நாம் மேலும் ஊற்றுவோம். கதை முடிந்தது. 'தினமும் ஒரு டம்ளர்' என்ற விதியைத் தூக்கிப் போடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாக வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள். துளை இல்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெறும் களிமண்ணும் வேண்டாம். செம்மண்ணுடன் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் போதும். வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு வாரம் நிழலில் வைத்து இடம் பழகவிடுங்கள்.

'வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். 1989இல் வந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் அதே பலன் கிடைக்க, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்புறம் நாம் எங்கே உட்காருவது?

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். மரத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஆர்க்கிட், காட்டுப் பெரணி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது குற்றம்; அந்தச் செடி கீழே பிழைப்பதும் அரிது. பார்க்க ஆசை என்றால், ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மேகாலயத்தின் குடுவைச் செடியையும் அங்கே பார்க்கலாம்.

செடி தேறிய பிறகும் தொட்டியின் அடித்தட்டை மறந்துவிடக் கூடாது. அதில் தேங்கும் தண்ணீரும், மணி பிளான்ட் வைத்த கண்ணாடி பாட்டிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், பாட்டில் தண்ணீரையும் மாற்றுங்கள்.