வீடு விற்ற பணத்தில் அவள் பங்கு

பரஸ்பர சம்மத மணவிலக்கு கோருவோரைக் குடும்ப நீதிமன்றம் சமரச மையத்திற்கு அனுப்புகிறது. பேச்சு முட்டிநிற்கும் இடம் பெரும்பாலும் வீடுதான். பத்திரம் யார் பெயரில் உள்ளது? தவணை யார் கணக்கிலிருந்து சென்றது? இவ்விரு கேள்விகளோடு நியாயம் முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு நம் தோழர்கள் சிலரிடமும் தென்படுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீடு. முன்பணம் 8 லட்சம், மனைவியின் நகையை விற்றுக் கொடுத்தது. கணவர் ஊதியத்திலிருந்து வங்கித் தவணை. மனைவியின் ஊதியத்திலிருந்து அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், மருந்து. பதினான்கு ஆண்டுகள் கழித்து 90 லட்சத்திற்கு விற்று, கடன் நிலுவை 15 லட்சத்தைக் கழித்தால் மீதி 75 லட்சம். "நகைக்கான 8 லட்சத்தைத் திருப்பித் தருகிறேன், மற்றது என் உழைப்பு" என்கிறார் கணவர். தவணைக்கு வங்கி ரசீது உண்டு. தின்று தீர்த்த அரிசிக்கு ரசீது ஏது? அவள் சம்பளம் அடுப்படிக்குப் போனதால்தான் அவர் சம்பளம் வங்கிக்குப் போக முடிந்தது. மேலும், மனை விலை ஏறியதற்கு இருவருமே உழைக்கவில்லை. அந்த ஏற்றம் முழுவதும் ஒருவர் பைக்குள் போவதற்கு எந்த உழைப்புக் கோட்பாடு இடம் தருகிறது?

மனைவி வெளியே சம்பாதிக்காதவள் என்றாலும் வாதம் மாறுவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். உபரி உழைப்பைப் பற்றி வகுப்பெடுக்கும் தோழர், தம் வீட்டு உபரியை மட்டும் கணக்கில் சேர்க்காதிருப்பது விந்தை. (நான் மொழிபெயர்க்கும் ஆவணங்களில் "பங்களிப்பு" என்ற சொல் அடிக்கடி வருகிறது. பங்கை அளித்தவளுக்குப் பங்கு இல்லை என்று எந்தத் தமிழில் சொல்வது?)

சட்டம் துணைநிற்கவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றியே பேசுகிறது. மணவாழ்வில் ஈட்டிய வீட்டைத் தொடுவதில்லை. 25ஆவது பிரிவின் ஜீவனாம்சம் நீதிமன்றம் பார்த்து வழங்குவது, உடைமை உரிமை ஆகாது. கணவரின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்கு ஈடு வழங்க வகைசெய்த திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. அதே மசோதாவை எதிர்த்துக் கிளம்பிய ஆண்கள் கூட்டத்தின் குரலுக்குக் கிடைத்த செல்வாக்கு, இல்லத்தரசிகளின் குரலுக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் ஈட்டிய கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், குடும்பத்தைக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டென்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வரவேற்கத்தக்கது, ஆயினும் ஒரு தீர்ப்பு நாடாளுமன்றச் சட்டத்திற்கு மாற்றாகாது.

பொது சிவில் சட்டத்திற்குக் கோவாவை முன்மாதிரி காட்டுவது பாஜகவின் வழக்கம். கோவா மரபில் மணமக்களின் சொத்து பொதுவில் சேர்ந்து, பிரியும்போது பாதிப் பாதியாகப் பிரிகிறது; நிர்வாகத்தைக் கணவரிடம் விட்ட குறை அதிலும் உண்டு. 2024இல் சட்டம் இயற்றிய உத்தரகண்ட் அரசோ, மணமின்றிச் சேர்ந்து வாழ்வோரைப் பதிவு செய்யச் சொல்லிக் கண்காணிப்பதில் காட்டிய ஊக்கத்தை, மனைவிக்குப் பாதி வீடு தருவதில் காட்டவில்லை.

மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் சமபங்கு என்பதை, எல்லா மதப் பெண்களுக்கும் உரிய சட்டமாகக் கோருவது நம் கடமை. அதுவரை, சமரசத்திற்குத் துணைபோகும் தோழர்கள் சிலவற்றில் விட்டுக்கொடுக்கலாகாது. ஜீவனாம்ச வழக்குகளுக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தை இருதரப்பும் தாக்கல் செய்யாமல் எந்தத் தொகையும் பேசக்கூடாது. பேச்சு பாதித் தொகையிலிருந்து தொடங்க வேண்டும். குறைக்க விரும்புபவரே காரணம் காட்டட்டும். பத்திரப்பதிவு நாளன்று வாங்குபவரின் பணம் இருவர் பெயரிலும் தனித்தனி வரைவோலைகளாகவே வர வேண்டும். கணவர் கணக்கில் சேர்ந்தபின் தருவதாகச் சொல்லும் எந்த வாசகத்தின் கீழும் அவளைக் கையெழுத்திட விடக்கூடாது.