இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்?

சென்ற வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருக்கு 71 வயது, அவர் தாயாருக்கு 90. "அம்மாவுக்கு ஒரு நல்ல ஹோம் பார்க்கணும். நீ அனுபவப்பட்டவன். எதைப் பார்த்துச் சேர்க்கணும், சொல்லு" என்றார். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாராம். தெரிந்ததைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது என்று தோன்றியது. அதனால் எழுதிவைக்கிறேன். வேறு யாருக்காவதும் உதவலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி இரவு. என் அம்மாவுக்கு அப்போது 91. பாத்ரூமுக்குப் போகிற வழியில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. எனக்கு 72, இரண்டு முழங்காலும் தேய்மானம். என் மனைவிக்கு அதற்கு முந்தின வாரம்தான் கண் ஆபரேஷன், கனம் தூக்கக் கூடாது. மணி இரண்டு. அந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அம்மா தலைக்கு ஒரு தலையணை வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டு நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து மணிக்குப் பால் போட வந்த பையன்தான் அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் விட்டான். அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா இரண்டு தடவை, "உனக்குக் குளிரும், போய்ப் படுடா" என்றார்.

பெற்றவளைப் பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்த காலத்தில் தாய்க்கு 70, பிள்ளைக்கு 45. இப்போது பிள்ளைக்கே 72. பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் கனடாவிலும். என் தம்பி பிரான்சில் இருக்கிறான். "அண்ணே, செலவு நான் பார்த்துக்கறேன், நீ எதைச் செய்தாலும் சரி" என்றான். நல்ல மனசுதான். ஆனால் பணம் வந்து ஆளைத் தூக்கிவிடாதே.

வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம். ஏஜென்சி மூலம் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. எட்டு மாதத்தில் ஏழு பேர் மாறினார்கள். ஒருவர் வராத நாளில் வேறு ஆள் கிடையாது. வீட்டில் திடமான ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் இந்த ஏற்பாடே போதும், ஹோம் பக்கம் போகவே வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு கிழவர்கள்.

ஹோம் என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. காரணம் ஒரு சொல். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆதரவற்ற வயோதிகர்களை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு அந்த மொழியில் அந்தக் காலத்தில் 'ஒஸ்பீஸ்' என்று பெயர். எங்கள் வீட்டில் அது பயமுறுத்தும் சொல். பாட்டிக்குக் கோபம் வந்தால் "என்னைக் கொண்டுபோய் ஒஸ்பீசில் தள்ளிடுங்க" என்பார். வீடே அடங்கிவிடும். அதே வேரிலிருந்துதான் 'ஓத்' என்ற சொல்லும் வருகிறது. விருந்தாளிக்கும் அதே சொல், விருந்து உபசரிக்கிறவருக்கும் அதே சொல். பள்ளியில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருக்கும்.

வெட்கத்தோடு தேடினால் தவறாகத்தான் தேடுவோம். நான் அதைத்தான் செய்தேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தால் குறை சொல்லக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் கட்டடத்தைப் பார்த்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடம். புல்தரை, ஊஞ்சல், கடற்காற்று, வாசலில் பிள்ளையார். 36 பேர் இருந்தார்கள். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "சூப்பர் அண்ணே" என்றான். அம்மாவிடம் முதல் நாள் இரவுதான் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் புடவைகளை மடித்துவைத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் போனேன். மணி ஐந்தரைதான். எல்லோருக்கும் ராச்சாப்பாடு முடிந்து, இரவுக்கான டயப்பர் கட்டி, படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். பகல் டியூட்டி ஆட்கள் ஆறு மணிக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு காலை ஏழு வரை 36 பேருக்கும் ஒரே ஒரு பெண். அம்மாவைத் திருப்பிப் பார்த்தேன். வாலெலும்பின் மேல் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். கேட்டதற்கு, "வயசானா தோல் அப்படித்தான் சார்" என்றார்கள்.

வயதானால் தோல் மெலியும், உண்மைதான். ஆனால் படுக்கைப் புண் வருவதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை, திருப்பிப் போடாததும்தான். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ஈரம் தங்க விடக் கூடாது என்பது நர்சிங் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழு வரை பதின்மூன்று மணி நேரம். ஒரு பெண்ணால் 36 பேரைத் திருப்ப முடியுமா? அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவரை மட்டும் வைத்த கணக்கின் மேல்தான் கோபம்.

மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வண்டியில் வரும்போது அம்மா கேட்டது ஒன்றுதான். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

பணம் அதிகம் கொடுத்தால் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் பிரான்சில் விக்தோர் காஸ்தானே என்ற பத்திரிகையாளர் 'லெ ஃபொஸ்ஸுவாயேர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். புதைகுழி தோண்டுகிறவர்கள் என்று பொருள். பாரீசை ஒட்டிய பணக்கார ஊரில், மாதம் 6,500 யூரோவுக்கு மேல் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் டயப்பரைக்கூட எண்ணிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். அந்த நாட்டையே உலுக்கிய புத்தகம். தம்பிதான் அனுப்பிவைத்தான். படித்த பிறகு புல்தரையையும் ஊஞ்சலையும் பார்க்கும் ஆசை எனக்கு அடியோடு போய்விட்டது.

இரண்டாவது தடவை கிளார்க் புத்தியோடு தேடினேன். ஒரு நோட்டில் முதல் பக்கம் அம்மாவால் தானாக என்ன முடியும், எதற்குக் கை வேண்டும் என்று எழுதினேன். குளிக்க, உடுத்த, சாப்பிட, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, கழிப்பறைக்குப் போக, நினைவு, பேச்சு. பிரான்சில் இதற்கு 'அக்கீர்' என்று ஓர் அட்டவணை உண்டு. ஆளை ஆறு நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். ஒன்று என்றால் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், ஆறு என்றால் தன் வேலையைத் தானே செய்துகொள்வார். நமக்கு அட்டவணை வேண்டாம், ஒரு பக்கக் காகிதம் போதும். அந்தக் காகிதத்தைக் காட்டி, "இதில் எதை யார் செய்வார், எத்தனை மணிக்கு?" என்று கேட்டாலே பாதி இடங்கள் கழிந்துவிடும்.

பிறகு ஏழு இடங்கள் பார்த்தேன். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

முதலில் இரவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பகலில் எல்லா இடத்திலும் ஆள் இருப்பார்கள். இரவில் விழித்திருக்கும் ஆள் எத்தனை என்பதுதான் கேள்வி. முடிந்தால் இரவு எட்டரை மணிக்கு ஒரு தடவை போங்கள். வேண்டாம் என்று தடுக்கிற இடத்துக்குத் திரும்பப் போக வேண்டாம்.

இரண்டாவது, வேலை செய்கிற பெண்களிடம் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மேனேஜரிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஆள் மாறினால், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் உங்கள் அம்மா ஒரு புது ஆள் முன்னால் புடவையை அவிழ்க்க வேண்டும். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் தேதியில் வருகிறதா என்பதும் நம் கவலைதான்.

மூன்றாவது, திருப்பிப் போடும் நோட்டையும் மருந்து நோட்டையும் பாருங்கள். ஓர் இடத்தில் நேரம் தவறாமல் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. 36 வருடம் ரிஜிஸ்டர் பார்த்தவனுக்கு இது தெரியாதா? உண்மையான நோட்டில் மை மாறும், கை மாறும், எங்காவது காபிக் கறை இருக்கும்.

நான்காவது, கழிப்பறை. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, உயரமான கோப்பையா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது.

ஐந்தாவது, வாசனை. மூத்திர வாடை தெரியும். ஆனால் ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தாலும் சந்தேகப்படுங்கள். சாயங்காலம் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தால் தூக்க மாத்திரை பற்றிக் கேளுங்கள். கையைக் கட்டிலில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

ஆறாவது, தூரம். இதைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும். தினம் போய் வரக்கூடிய தூரம் இருக்க வேண்டும். நாம் அடிக்கடி போகிற கட்டிலைத்தான் முதலில் கவனிப்பார்கள். இது நியாயம் இல்லைதான், ஆனாலும் நடப்பது அப்படித்தான்.

சிறிய இடம்தான் நல்லது என்பது என் கட்சி. 2007-ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, வசதியற்ற முதியோருக்கு இல்லங்கள் அமைப்பது பற்றிச் சொல்கிறது. கூரை இல்லாதவர்களுக்குக் கூரை வேண்டும், சரி. ஆனால் சோறு ஊட்டவும் குளிப்பாட்டவும் கை வேண்டியவருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு சின்ன இடம் வேண்டும். சின்ன இடத்திலும் ஆபத்து உண்டு. நடத்துகிறவர் படுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதனால் அவர் இல்லாத நாளில் யார் பொறுப்பு, ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதையும்தான்.

செலவுக்கு ஒரு வார்த்தை. அரசுக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கு 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 சதவீதம் என்று கூடுதல் ஓய்வூதியம் மத்திய அரசு விதியில் உண்டு. எங்கள் புதுச்சேரியிலும் அதே விதிதான். பிறந்த தேதிக்குச் சரியான ஆதாரம் இல்லாமல் இதை வாங்காமலே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயது ஏற ஏறச் செலவு ஏறும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு கொடுக்கும் பணம் அது. அதை அம்மாவின் கைக்கும் காலுக்கும் செலவழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் லாஸ்பேட்டையில் ஒரு சாதாரண மாடி வீடு கிடைத்தது. ஒன்பது பேர். நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் நடத்தினார். இரவில் இரண்டு பேர். இந்தத் தடவை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டினேன். ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். வேறொரு பாட்டியிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்றெல்லாம் விசாரித்தார். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார். ஜன்னல் பக்கம் கட்டில். குளிப்பாட்ட ஆம்பளை ஆள் வரக் கூடாது. இரண்டாவதை நான் எந்த இடத்திலும் கேட்கவே இல்லை. என் நோட்டில் அந்த வரியே கிடையாது.

"பெத்த தாயைக் கொண்டுபோய் ஹோமில் விட்டுட்டான்" என்று பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் அந்த ஐப்பசி இரவில் வந்து தூக்கவில்லை. ஹோமில் சேர்ப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. சேர்த்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் பாவம். நான் தினம் சாயங்காலம் போனேன். போனதும் அம்மா, "வாடா, உட்கார். செல்வி, தம்பிக்கு ஒரு காபி கொண்டா" என்பார். சமையற்கட்டு அவருடையது இல்லை, டம்ளர் அவருடையது இல்லை. ஆனாலும் வந்தவன் நான், உபசரிப்பவர் அவர். பள்ளியில் புரியாத அந்த 'ஓத்' எனக்கு அங்கேதான் புரிந்தது.

போன மாசியில் ஒரு இரவு ஒன்றரை மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. இரண்டு மணிக்குள் போய்விட்டேன். செல்வி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை இருந்தேன். 16 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

நண்பருக்கு நான் போனில் சொல்ல மறந்தது இதுதான். என்னைக் கேட்பதற்கு முன், பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.