பனிமூட்டம் டில்லியில், காத்திருப்பு சென்னையில்

ஆவடியில் வெயில் சுள்ளென்று அடிக்கும் ஜனவரி காலையில், மீனம்பாக்கத்தில் விமானம் 3 மணி நேரம் தாமதம் என்பார்கள். காரணம் டில்லி பனிமூட்டம். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறப்பதால், காலையில் அங்கே சிக்கினால் அன்று முழுக்கத் தாமதம்தான். நம் ஊரும் சளைத்ததல்ல. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்துகொள்ள, சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

பனியை யாரும் குறை சொல்ல முடியாது. என் கோபம் தகவல் மீது. ஒருமுறை என் விமானம் டில்லியை விட்டே கிளம்பவில்லை. நிறுவனத்தின் இணையதளமோ 'சரியான நேரம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் எழுதுபவன் சொல்கிறேன், முந்தைய ஊரில் கிளம்பிய நேரத்தை இங்கே காட்டுவது பெரிய வித்தையே இல்லை! தாமதத்தை இணையதளத்தில் உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் டிஜிசிஏ வழிமுறையே வகுத்தது.

நீங்களும் பார்க்கலாம். பிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் பிளைட் நம்பரைத் தேடுங்கள். பக்கத்தில் 'விடி' என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் க்ளிக் செய்யுங்கள்; அந்த விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றுவார்கள், செக்-இன் பழைய நேரத்துக்கே மூடப்படலாம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், அவ்வளவுதான்.